செக்ரோலில் நாலாவது பெயர்

“ரெண்டே வருஷம், ரூபினி.”

“ரெண்டு வருஷம் நான் என்ன செய்யணும்?”

“தோட்டத்துல பேரு குடுக்கணும்.”

“பேருதானே, குடுத்துட்டாப் போச்சு.”

“பேரு மட்டும் இல்லலா. வேலைக்கும் எறங்கணும். காலைல இருட்டோட எந்திரிக்கணும்.”

“கோலா தெர்லாவுல முட்டக்கோசு மூட்டையத் தூக்கி லோரியில போட்டவ நான். தேயில என்ன அதவிட கனமா?” என்று சிரித்தவள், சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். “சரி, ரெண்டு வருஷம் கழிச்சு?”

“நான் இங்க மாத்தல் வாங்கிட்டு வந்துருவேன். இல்லன்னா உன்ன ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

“எதுன்னு இப்பவே சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரிதான சாமான் வாங்கணும்.”

“ரெண்டுல ஒன்னு” என்றான் கோகிலன்.

கல்யாணமாகி ஐந்தாம் நாள், மலை மேல் டன்பார் தேயிலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் வீட்டின் அடுப்படியில் நடந்த பேச்சு இது. பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ரெண்டில் எது என்று அவன் இன்னும் சொல்லவில்லை.

தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் சரி, ஒருவரின் பெயராவது செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், இருந்தாக வேண்டும். கடைசிப் பெயர் வெட்டப்பட்டால் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கோகிலனின் அப்பா செல்லையா முன்பே ஓய்வு பெற்றவர். அம்மா தங்கம்மாவின் பெயரை, வயதாகிவிட்டது என்று, மகனின் கல்யாணத்துக்கு முந்தின மாதம் வெட்டியிருந்தார்கள். “என்னைத் தூக்கிக்கிட்டுப் போனாத்தான் இந்த வீட்ட விட்டுப் போவேன்” என்று செல்லையா சொல்லிவிட்டார். கோகிலனுக்கோ ஈப்போவில் தமிழ்ப்பள்ளி வாத்தியார் வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்புறம் யார் இருக்கிறார்கள்? புதிதாக வந்த மருமகள்தான்.

தங்கம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. செல்லையா போய் நாலு வருஷம். ரூபினியின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில், கையடக்க ஒலிபெருக்கியும் தோளில் ஒரு துணிப்பையுமாக, கோகிலன் ரிங்லெட் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தான். ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த இருபத்திரண்டு பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை அவன் நடத்தும் வரலாற்று நடைக்கு இப்போது நல்ல பெயர். பத்திரிகையில் இரண்டு முறை எழுதிவிட்டார்கள். ரிங்லெட்டின் பழைய கடைகள், அணைக்கட்டு ஏரி, பிறகு டன்பார் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் என்று ஆறு இடங்கள். ஏழாவதாக, கடைசியாக, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீடு. அவன் அச்சடித்த தாளில் அதற்கு நேராக, ‘பழைய காலத்துத் தொழிலாளர் வீடு, ஆட்கள் வாழும் நிலையில்’ என்று இருந்தது.

அந்த ஆட்கள் என்பது ரூபினி.

துணிப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. பழைய லயங்களை எல்லாம் இடித்துவிட்டு, ஃபெக்டரிக்குப் பக்கத்தில் கட்டிய புது வீடுகளுக்கு ஆட்களை மாற்றுவதாகத் தோட்டம் முடிவு செய்திருந்தது. ஏழாம் நம்பர் வீட்டை மட்டும் இடிக்காமல் வரலாற்றுச் சின்னமாக வைக்க வேண்டும் என்று கோகிலன் ஒன்றரை வருஷமாக மனு எழுதி, ஆளைப் பார்த்து, படம் எடுத்துக் காட்டி, கடைசியில் சம்மதமும் வாங்கிவிட்டான். ஒரே ஒரு நிபந்தனை. சின்னமாக அறிவிக்கும் காரியங்கள் முடிய ஐந்து வருஷம் ஆகும். அதுவரை அந்த வீட்டுக்காரர் பெயர் செக்ரோலில் இருக்க வேண்டும், அவர் அங்கேயே குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரூபினி கையெழுத்துப் போட வேண்டும்.

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சொல்லியிருக்கலாம். சுடச்சுட மீன்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். சாப்பிட்டதும் அவள் தன் கையில் தேய்த்துவிடச் சொல்லித் தைலக் குப்பியை நீட்டினாள். கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிற கை, தோளிலிருந்து மணிக்கட்டுவரை முறுக்கிக்கொண்டு கிடந்தது. தேய்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது? காலையில் சொல்லலாம் என்றால், அவன் கண் விழிக்கும்போது அவள் பெரட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

“தம்பி, இந்தக் கடை எந்த வருஷம் கட்டுனதுன்னு சொல்லவே இல்லையே?” என்றார் முன்வரிசையில் நின்ற அம்மாள். பெயர் குமுதா. ஈப்போவில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பளித் தொப்பியும் கையில் ஒரு நோட்டுப் புத்தகமுமாக, கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தார்.

“சரியா தெரியல டீச்சர்.”

“நான் டீச்சர் இல்ல. புத்தகத்துக்கு முத்திரை குத்துனவ. தெரியலன்னா தெரியலன்னு சொல்றீங்களே, அதுவே நல்ல குணம்” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கோகிலனுக்கு முகம் சூடாயிற்று. நல்ல குணமாம்.

*

பெரட்டுக்களம் என்பது சிமெண்டு பூசிய ஒரு சதுரம், ஓரத்தில் ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். ஆனால் கோகிலன் அங்கே நின்று பேச ஆரம்பித்தால் அந்தச் சதுரத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். தண்டவாளத் துண்டில் மணி அடிக்கிற சத்தம் கேட்கும். துரை குதிரையில் வருவார். கணக்கு எழுதும் கிராணி லாந்தர் வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுவார். அன்றும் அப்படித்தான் பேசினான். தன் தாத்தா பெயர் இருந்த பழைய பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். அதை உயர்த்திக் காட்டினான்.

“இதுல பதினோராவது பேரு ஆண்டியப்பன். எங்க தாத்தா. அவருக்கு முந்தி யாரு, அடுத்து யாருன்னு எனக்குப் பாக்காமலே சொல்லத் தெரியும்” என்று சொல்லி, ஒன்பது பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பித்தான். கூட்டம் கைதட்டியது.

தோட்டத்து மேனேஜர் தர்மேந்திரன் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்துகொண்டான். முப்பத்தைந்து வயதுகூட ஆகாத, சிரித்த முகம்.

“இப்பவும் பேரு கூப்பிடுவாங்களா சார்?” என்று குமுதா கேட்டார்.

“டெய்லி கூப்பிடுறோம் ஆன்ட்டி. முக்கால்வாசி பங்களாதேஷ்காரங்க, நேப்பாளிங்க. நம்ம ஆளுங்க ஒன்பது பேருதான் மிச்சம். கோகிலன் சாரோட வைஃப்கூட இருக்காங்களே. நாலாவது பேரு.”

“அப்படியா?” என்று குமுதா கோகிலனைத் திரும்பிப் பார்த்தார். “நாலாவதா? அவங்களுக்கு முந்தி யாரு தம்பி?”

அவர் ஒன்றும் குத்திக் கேட்கவில்லை. கதை கேட்கிற ஆர்வத்தில், அடுத்த பெயரையும் அவன் ஒப்பிப்பான் என்று நினைத்துக் கேட்டார். கோகிலன் வாயைத் திறந்தான். மூன்றாவது யார், ஐந்தாவது யார், எதுவும் தெரியவில்லை. அவளுடைய பெயர் நாலாவதாக வருகிறது என்பதே இப்போதுதான் தெரியும்.

“நேரமாச்சு, அடுத்த இடத்துக்குப் போலாம்” என்றான் ஒலிபெருக்கியில்.

நடக்கும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. செத்துப்போய் ஐம்பது வருஷம் ஆன ஆட்களின் பெயர் வரிசை தெரிகிறது. இன்றைக்குக் காலையில் பனியில் நின்று, ‘ரூபினி’ என்று கூப்பிட்டதும் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுத்தவளுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று தெரியவில்லை. கேட்டதும் இல்லை. அவள் சொல்லியிருப்பாள். தொலைபேசியில் எத்தனையோ சொல்கிறாள். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கிற ஆள், எதைக் கேட்டான்?

ஆயாக்கொட்டகைக்கு வந்தார்கள். தாய்மார்கள் வேலைக்காட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற நீளக் கொட்டகை. இப்போது உரமூட்டை அடுக்கியிருந்தார்கள். உத்தரத்தில் தொட்டில் கட்டின இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருந்தன. கோகிலன் மூன்றாவது கொக்கியைக் காட்டி, “நான் இதுலதான் தொங்கினேன்” என்பான். ஒவ்வொரு முறையும் கூட்டம் சிரிக்கும்.

அன்றைக்கு அந்த வரி வரவில்லை. பிள்ளைக்காகப் போய்ப் பார்த்த ஈப்போ பெண் டாக்டர், “ரெண்டு பேரும் ஒன்னா இருக்கணும், மாசா மாசம் சேர்ந்து வரணும்” என்று சொன்னது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் போனார்கள். நாலாவது மாதம் ரூபினிக்கு லீவு கிடைக்கவில்லை. ஐந்தாவது மாதம் அவனுக்கு ஒரு கண்காட்சி வேலை. ஆறாவது மாதத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கொக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இங்க பிள்ளைங்க தூங்கும்” என்று மட்டும் சொன்னான்.

*

பள்ளிக்கூடத்தில்தான் மாற்றல் பேச்சு வந்தது.

தலைமையாசிரியை செல்லம்மா டீச்சர் விருந்தாளிகளுக்காக வகுப்பறைகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நாற்பத்தோரு பிள்ளைகள் படிக்கிற சின்னப் பள்ளி. சுவரில் பழைய தலைமையாசிரியர்களின் படங்கள். அவற்றின் கீழே கோகிலன் எழுதிக் கொடுத்த குறிப்புகள்.

“எங்க ஸ்கூல் வரலாறு பூரா சார்தான் தேடி எழுதுனாரு” என்று செல்லம்மா டீச்சர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. மூணு வருஷமா ஒரு வாத்தியார் இடம் காலியா கெடக்கு. மலைன்னா யாரும் வர மாட்டேங்குறாங்க. சார் மட்டும் மாத்தலுக்கு எழுதிப் போட்டாருன்னா மறு வாரமே உத்தரவு வந்துரும்.”

“ஏன் தம்பி, எழுதிப் போட வேண்டியதுதானே? சொந்த ஊரு, வீடும் இருக்கு, சம்சாரமும் இங்கதான்” என்றார் குமுதா.

“பாப்போம்” என்றான் கோகிலன்.

ஜன்னலுக்கு வெளியே அவன் கண் போயிற்று. வெயில் நன்றாக ஏறிவிட்டது. சரிவில் கொழுந்து வெட்டுகிறவர்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து எல்லாரும் ஒரே மாதிரி. தலையில் துண்டு, அதன் மேல் தொப்பி, முதுகில் மூட்டை.

ஒவ்வொரு வருஷமும் மாற்றலுக்கு எழுதிப் போட ஒரு தவணை வரும். கல்யாணமான இரண்டாம் வருஷம், நிஜமாகவே எழுதிப் போடத்தான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். பாதி நிரப்பினான். அந்த வாரம் ஒரு கூட்டம், அடுத்த வாரம் ஒரு பயணம், தவணை முடிந்துவிட்டது. மலைக்கு வந்தபோது ரூபினி வாசலிலேயே கேட்டாள். “கெடச்சுதா?” அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ‘மறந்துட்டேன்’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. “இந்த வருஷம் கெடைக்கல” என்றான். அவள் அவனைத் தேற்றினாள். அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

அடுத்த வருஷம் அதே பொய்யைச் சொல்வது சுலபமாக இருந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் சுலபம். ஈப்போவில் அவனுக்கு ஓர் அறை, நூலகம், சனிக்கிழமை நண்பர்கள், எழுதிய கட்டுரையைப் பாராட்டிப் பேசும் நாலு பேர். மாதம் இரண்டு முறை மலையேறினால் சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய பழைய வீடு, சுடுசோறு, சிரித்த முகம். இரண்டையும் விட மனமில்லை என்பதை அவன் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவே பல வருஷம் ஆயிற்று. அப்பா உயிரோடு இருந்தவரை ‘அப்பாவுக்காக’ என்று சொல்லிக்கொண்டான். அப்பா போன பிறகு ‘வரலாற்றுக்காக’ என்றான்.

ரூபினியும் ஒரு கட்டத்தில், “கெடச்சுதா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாக வேறொன்று தொடங்கியது. ஞாயிறு மத்தியானம் அவனை ரிங்லெட் பஸ் நிறுத்தத்தில் விட வருவாள். பஸ் தூரத்தில் தெரியும்போது, “அண்ணன் போன் பண்ணுச்சு…” என்று ஆரம்பிப்பாள். அவள் அண்ணன் ஹரிதாஸ் இதே மலையில், கோலா தெர்லாவில், காய்கறியும் பூவும் பயிரிடுகிறவர். “என்னவாம்?” என்று கேட்பான். பஸ் வந்து நிற்கும். “ஒன்னுமில்ல, அப்புறம் சொல்றேன், ஏறுங்க” என்பாள். ஒரு தடவை அல்ல, பல தடவை. ஏதோ கேட்க வருகிறாள் என்று அவனுக்குத் தெரியும். பஸ் வந்துவிட்டதே என்று உள்ளூர அவன் நிம்மதிப்பட்டிருக்கிறான்.

*

கோயிலில் தேங்காய் உடைத்து, பொங்கல் வாங்கிக்கொண்டு, ஏழாம் நம்பர் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி இரண்டு. சனிக்கிழமை அரைநாள் வேலை. ரூபினி அதற்குள் வந்து, குளித்து, புடவை மாற்றி, தேநீரும் உருளைக்கிழங்கு போண்டாவும் தயாராக வைத்திருந்தாள்.

கூட்டம் வீட்டுக்குள் நுழைந்தது. ஒருவர் பலகைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரு பெண் அடுப்படியில் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டாள். இன்னொருவர் அரிசி டின்னின் மூடியைத் திறந்து, “இதுவும் அந்தக் காலத்து டின்னா?” என்று கேட்டார்.

“இல்ல சார், அது போன மாசம் பாசார்ல வாங்குனது. உள்ள இருக்க அரிசி மட்டும் அதவிடப் பழசு” என்றாள் ரூபினி. எல்லாரும் சிரித்தார்கள்.

குமுதா மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. “உள்ள வாங்கம்மா” என்று ரூபினி கூப்பிட்டாள்.

“பரவால்லம்மா. ஆளு குடியிருக்க வீடுன்னு தாள்ல போட்டிருந்துச்சு. அது யாரு வீடுன்னு போடல. தெரிஞ்சிருந்தா கையில பழமாவது வாங்கிட்டு வந்திருப்பேன்” என்றார் குமுதா. பிறகு, “இங்க எத்தன வருஷமா இருக்கீங்க?” என்று கேட்டார்.

“பன்னெண்டு. ரெண்டு வருஷம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். கோகிலனும் சிரிக்க வேண்டியிருந்தது.

அப்போது தர்மேந்திரன் கையைத் தட்டி எல்லாரையும் அமைதிப்படுத்தினான். “ஒரு நல்ல செய்தி. இந்த லைன் பூரா இடிக்கப் போறோம், தெரியும்ல? ஆனா ஏழாம் நம்பர் அப்படியே நிக்கும். கோகிலன் சாரோட முயற்சி. அக்கா இன்னும் அஞ்சு வருஷம் பேருல இருந்து வீட்டப் பாத்துக்குவாங்க. அக்காவோட ஒரு கையெழுத்துதான் பாக்கி. சார், லெட்டர் கொண்டாந்திருக்கீங்கள்ல? இப்பவே போட்டுட்டா எல்லாரும் சாட்சி.”

கூட்டம் கைதட்டியது. யாரோ போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தயாரானார்கள்.

ரூபினி கோகிலனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அடுத்த ஆளுக்கு நீட்டிய தேநீர்க் குவளை கையிலேயே நிற்க, என்ன செய்தி என்று புரிந்துகொள்ள முயல்கிற முகமாக இருந்தது அது. அவனுடைய கை தானாகவே பைக்குள் போய், கடிதத்தை எடுத்தது.

அவள் குவளையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கினாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“தேதி மூணு வாரத்துக்கு முந்தி போட்டிருக்கு” என்றாள், மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு தர்மேந்திரனைப் பார்த்து, “நல்லாப் படிச்சிட்டுப் போடுறேன் சார். போண்டா ஆறுது, எடுத்துக்குங்க” என்றாள்.

குமுதா நோட்டை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது ரூபினியின் கையைப் பிடித்து, “வர்றேம்மா” என்று சொன்னவர், கோகிலனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

*

பஸ் போய்விட்டது. சரிவிலிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது. இருபத்திரண்டு குவளைகளையும் தொட்டியில் போட்டு ரூபினி கழுவிக்கொண்டிருந்தாள். கடிதம் மேசை மேல், சீனிப் போத்தலுக்கு அடியில் இருந்தது.

கோகிலன் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, அவள் கழுவிவைத்த குவளைகளைத் துடைக்க ஆரம்பித்தான். நாலைந்து துடைத்த பிறகு, “நேத்தே சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றான்.

“ம்.”

“குழம்பு நல்லாருந்துச்சு. சொல்ல மனசு வரல.”

“அப்ப குழம்பு மேல தப்பு” என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

அவன் இன்னொரு குவளையை எடுத்தான். துடைக்காமலே கீழே வைத்துவிட்டான்.

“ரூபினி, நான் மாத்தலுக்கு எழுதிப் போடவே இல்ல. ஒரு வருஷம்கூட. கெடைக்கலன்னு சொன்னதெல்லாம் பொய்.”

தண்ணீர்க் குழாயை அவள் மூடினாள். 

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“மூணு வருஷத்துக்கு முந்தி கோயில் திருவிழாவுல செல்லம்மா டீச்சர் கேட்டாங்க. ‘ஒரு இடம் காலியா இருக்கு, சார் ஏன் எழுதிப் போட மாட்டேங்குறாரு’ன்னு. நான் சொன்னேன், ‘வருஷா வருஷம் போடுறாரு டீச்சர், கெடைக்கத்தான் மாட்டேங்குது’ன்னு. அவங்க என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, என் தட்டுல இன்னும் கொஞ்சம் சோறு போட்டாங்க. அப்பவே புரிஞ்சிருச்சு.”

“ஏன் எங்கிட்ட கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். மூணு வருஷம் ஆயிருச்சு. ஒரு பொய்யச் சொல்லிட்டு அத எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியாம முழிக்கறீங்க, பாவம்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் பாவம்னு தோணல.”

“என்ன தோணுச்சு?”

அவள் ஈரக் கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அணையத் தொறந்து விட்டு லெம்பா பெர்த்தாம்ல வெள்ளமும் சேறும் வந்துச்சே, நம்ம கல்யாணம் ஆன வருஷம். காலைல போன் பண்ணீங்க. மொதல்ல என்ன கேட்டீங்க தெரியுமா? ‘வீடு எப்படி இருக்கு?’ன்னு கேட்டீங்க.”

“உன்னையும் சேத்துத்தானே கேட்டேன்.”

“அப்படித்தான் அன்னிக்கி நானும் நெனச்சேன். ‘வீடு நல்லாருக்கு’ன்னு சொன்னேன். இப்ப அந்தத் தாள எடுத்துப் பாருங்க. ஒன்னு பழைய கடை, ரெண்டு ஏரின்னு போட்டு, ஏழாவதா நான். உங்க அம்மா அப்பாவுக்காக இருந்தேன், சரி. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அத்த என்ன மக மாதிரி வச்சிருந்தாங்க. மாமாவக் கடைசி நாள்ல குளிப்பாட்டுனது நான்தான். அதுக்கப்புறம் நாலு வருஷம் யாருக்காக இருந்தேன், சொல்லுங்க. யாரோ வந்து என் அரிசி டின்னத் தொறந்து பாக்கறதுக்கா?”

கோகிலன் கையிலிருந்த துணியை மடித்து வைத்தான். சொல்வதற்கு ஏராளமாக இருப்பதுபோல வாய்க்குள் ஏதேதோ முட்டின. எதைச் சொன்னாலும் அது ஒலிபெருக்கியில் பேசுவதுபோல ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

“உனக்கு முந்தி மூணாவது பேரு யாரு?” என்று கேட்டான் கடைசியில்.

அவள் வியப்பாகப் பார்த்தாள். “எதுக்கு?”

“தெரிஞ்சுக்கணும்.”

“பாஞ்சாலை. ரெண்டு பொண்ணையும் படிக்க வச்சிட்டு ஒத்தையா இருக்கு. மழைன்னா எனக்கும் சேத்து ரெயின்கோட்டு எடுத்துட்டு வரும். எனக்குப் பின்னாடி அர்ஜுனன் மாமா. அவருக்கு என் பேர் சொன்னதும் இருமல் வந்துரும், அவரு முறை வருதுன்னு தெரிஞ்சுக்குவோம்.” சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் இளகியது. உடனே பழையபடி ஆகிவிட்டது. “பன்னெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறீங்க.”

அவன் எதிரே உட்கார்ந்தான். சீனிப் போத்தலை நகர்த்தி, கடிதத்தை எடுத்து, அவள் பக்கம் தள்ளாமல், தன் பக்கமும் இழுக்காமல், நடுவில் வைத்தான். இந்தத் தாளுக்காக ஒன்றரை வருஷம் அலைந்திருக்கிறான். இதில் கையெழுத்து விழாவிட்டால் அடுத்த மாதம் இந்தச் சுவர், இந்த அடுப்பு, அப்பா சாய்ந்து உட்கார்ந்த அந்தத் தூண், எல்லாம் போய்விடும். நடையில் ஆறு இடங்கள்தான் இருக்கும். அதை நினைத்ததும் இப்போதுகூட நெஞ்சு வலித்தது. அந்த வலிக்காகவே தன் மேல் அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

“பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு தடவையும் ‘அண்ணன் போன் பண்ணுச்சு’ன்னு ஆரம்பிப்ப” என்றான். “முழுசாச் சொன்னதே இல்ல. நானும் கேட்டதில்ல. இன்னிக்கி பஸ் எதுவும் வரப் போறதில்ல. சொல்லு.”

ரூபினி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். வெளியே பனி ஜன்னல்வரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ அடுப்பு மூட்டுகிற வாசம் வந்தது.

“கேட்டா இல்லன்னு சொல்லுவீங்களோன்னு பயந்துதான் கேக்கல” என்றாள். “கேக்காம இருந்தா, கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாருன்னாவது நெனச்சுக்கலாம்ல.”

“கேளு.”

அவள் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள்.

“இந்த வீட்ட விட்டுருங்க. நான் கையெழுத்துப் போடல. திங்கக்கெழம ஆபீஸ்ல போய் என் பேர வெட்டச் சொல்லிடுறேன். அண்ணன் கோலா தெர்லாவுல ரெண்டு பூக்கொட்டகை எனக்குன்னு ஒதுக்கி வச்சிக்கிட்டு, எப்ப வர்ற, எப்ப வர்றன்னு நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கு. நான் போறேன். நீங்களும் எழுதிப் போட்டுட்டு வாங்க. ஒரு வீட்டுல, என் கூட வந்து இருங்க.”